அக்கா வெளியே நின்றாள்

1990 ஜூன் மாதம். முத்தையாபுரத்தில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே, தூணில் சாய்ந்தபடி ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். வயது பதினைந்து. பத்தாம் வகுப்பில் 500க்கு 437. அந்தத் தெருவில் அந்த வருஷம் அதற்கு மேல் யாரும் வாங்கவில்லை. உள்ளே அவளுடைய அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் நின்ற பன்னிரண்டு வயதுத் தம்பிக்கு ஜன்னல் வழியே எல்லாம் கேட்டது. இதை எழுதுகிறவன் அந்தத் தம்பிதான்.

“பிள்ளைக்கு என்ன குரூப் போடலாம், அண்ணாச்சி?”

“நீங்க பாத்துச் சொல்லுங்க சார். எனக்கு என்ன தெரியும்.”

“பொம்பளப்பிள்ள. தேர்ட் குரூப்ல போட்டா அக்கவுண்டன்சி படிக்கும். கூடவே டைப்பும் படிச்சு வச்சா ஹார்பர்ல ஏதாவது ஒரு ஆபீஸ்ல வேலைக்குப் போயிரும். செகண்ட் குரூப்புன்னா லேபு, ரெக்கார்டு நோட்டு, டியூஷன்னு செலவு இழுக்கும்.”

அப்பா தலையாட்டினார். தலைமையாசிரியர் விண்ணப்பத்தில் எழுதினார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை. உப்பளக் கங்காணியான அப்பாவின் வருமானத்தை மனத்தில் வைத்து, அவருக்குத் தெரிந்த நல்லதைத்தான் சொன்னார். ஆனால் எட்டடி தூரத்தில் நின்ற பெண்ணை உள்ளே கூப்பிட்டு “உனக்கு என்னம்மா பிடிக்கும்?” என்று கேட்க அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. அப்பாவுக்கும் தோன்றவில்லை.

அவளுக்குப் பிடித்தது எது என்று தம்பிக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் பள்ளியிலிருந்து தூத்துக்குடி கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். அங்கே முத்துச்சிப்பி ஒன்றைத் திறந்து காட்டினார்கள். திரும்பி வந்தவள் கோடு போடாத நோட்டு ஒன்றில் அந்தச் சிப்பியை வரைந்தாள். ஓட்டின் உள்பக்க மினுமினுப்பைப் பென்சிலில் கொண்டுவர முடியாமல் அழித்து அழித்து அந்த இடத்தில் தாளே நைந்துபோயிருந்தது. படத்துக்குக் கீழே, சிப்பி ஓட்டில் செய்த சிறு மணியையும் இன்னொரு சிப்பியின் மேலுறைத் தசையில் வெட்டிய துணுக்கையும் சேர்த்து உள்ளே வைப்பார்கள் என்றும், அந்தத் தசை வளர்ந்து மணியைச் சுற்றி முத்துப் பூச்சைப் பூசும் என்றும் தன் குண்டு எழுத்தில் எழுதிவைத்திருந்தாள். தம்பியிடம் இதை எத்தனை தடவை விளக்கினாள் என்பதற்குக் கணக்கில்லை.

இந்தக் கடற்கரைக்கு முத்து சின்ன விஷயம் இல்லை. சங்க காலத்துக் கொற்கையிலிருந்து பேர்பெற்ற முத்துக்குளிப்பு தூத்துக்குடியில் 1961இல் கடைசியாக நடந்து ஓய்ந்துபோனது. பிறகு சிப்பி வளம் தேறவேயில்லை. 1973இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் விஞ்ஞானி அழகர்சாமியின் முயற்சியில் வளர்ப்பு முத்து உருவானது. கடல் தராமல் நிறுத்திக்கொண்டதை ஆய்வுக்கூடம் தந்தது. இதைக் கேட்டு வளர்ந்த ஒரு பெண் விலங்கியல் படிக்க ஆசைப்பட்டால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

இன்னொன்றும் சொல்லவேண்டும். மீன்வளத்துக்கென்றே ஒரு கல்லூரி 1977 முதல் தூத்துக்குடியிலேயே இருக்கிறது. நான்கு வருஷப் பட்டப்படிப்பு. செகண்ட் குரூப் படித்திருந்தால் அங்கே விண்ணப்பிக்க அவளுக்குத் தகுதி இருந்திருக்கும். அந்தக் கல்லூரி பஸ் போய்வரும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அப்படி ஒரு படிப்பு உண்டென்று 1990இல் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. டாக்டர் ஆகாவிட்டால் செகண்ட் குரூப் வீண் என்பதுதான் ஊரில் இருந்த ஒரே செய்தி.

முத்தையாபுரம், தூத்துக்குடிக்குத் தெற்கே திருச்செந்தூர் சாலையில் இருக்கிறது. ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் புகைபோக்கிகள். 1974இல் துறைமுகம் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1975இல் ஸ்பிக் உர உற்பத்தியைத் தொடங்கியது. அதை ஒட்டி 1978இல் கனநீர் ஆலை, 1979இல் அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட். ஐந்து வருஷத்துக்குள் இந்த நான்கும் வந்து இறங்கியதில் ஊரின் கனவே மாறிப்போயிற்று. அதற்கு முந்திய தலைமுறைக்கு உப்பளம், சாப்பாட்டுக் கடை, இல்லாவிட்டால் கொழும்பு. புதிய தலைமுறைக்கு “பெர்மனெண்ட்” என்ற ஒரே சொல். ஸ்பிக்கில் பெர்மனெண்ட், தெர்மலில் பெர்மனெண்ட், ஹார்பரில் பெர்மனெண்ட். அந்த வாசல்களில் உட்கார்ந்திருந்த இஞ்சினியர்கள் எல்லாரும் ஃபர்ஸ்ட் குரூப் படித்தவர்கள். அதனால் பையன் என்றால் ஃபர்ஸ்ட் குரூப். கிடைக்காவிட்டால் பாலிடெக்னிக், அதுவும் இல்லாவிட்டால் ஐ.டி.ஐ. பெண் என்றால் டீச்சர் டிரெய்னிங் அல்லது தேர்ட் குரூப்.

ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்ற இந்தப் பெயர்களே ஒரு தீர்ப்பு. ஃபர்ஸ்ட் குரூப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல். செகண்டில் கணிதம் போய்த் தாவரவியலும் விலங்கியலும். தேர்டில் வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப் பதிவியல். சர்க்கார் தாளில் இவையெல்லாம் வெறும் வரிசை எண். மாணவனின் காதில் அது முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்றே விழும். “தேர்ட் குரூப்பா?” என்று கேட்கும்போது கேட்பவரின் குரல் ஒரு படி கீழே இறங்கும். முப்பத்தைந்து வருஷமாகியும் அந்த இறக்கம் மாறவில்லை.

இந்தப் பிரிவினை முன்பு பள்ளியில் இல்லை. அக்கா தம்பியின் சித்தப்பா பி.யூ.சி. படித்தவர். பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி., பிறகு கல்லூரிக்குள் ஒரு வருஷம் பி.யூ.சி. என்பதுதான் அப்போதைய முறை. கோத்தாரி கல்விக் குழு 1964 முதல் 1966 வரை கூடிப் பரிந்துரைத்த பத்து-இரண்டு-மூன்று திட்டம் தமிழ்நாட்டில் 1978இல் பிளஸ் ஒன் வகுப்பாக வந்தது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980இல். அதுவரை கல்லூரி வாசலில் நடந்த குரூப் பிரிவினை அன்றிலிருந்து பள்ளி வாசலுக்கு வந்துவிட்டது. கூடவே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. நோக்கம் நல்லது. ஆனால் கல்லூரியில் சேரப்போனவர் பேராசிரியர் யாரையாவது விசாரிக்க முடிந்தது. பள்ளியிலோ குரூப்பைத் தீர்மானித்தது பெரும்பாலும் மார்க் பட்டியலும் காலியாக இருந்த இடமும்தான். பள்ளியில் இயற்பியலுக்கு ஆசிரியர் இருக்கிறாரா, லேப் இருக்கிறதா என்பதும் சேர்ந்துகொண்டது. ஆசிரியர் பணியிடம் இல்லாத பாடத்தை எந்தப் பிள்ளையும் தேர்ந்தெடுக்க முடியாது. இன்றும் கிராமப்புறப் பள்ளிகள் பலவற்றில் நிலைமை இதுதான்.

தம்பியின் முறை 1993இல் வந்தது. அவன் வாங்கியது 391. கணக்கில் 62. பிடித்தது வரலாறும் தமிழும். அக்கா விஷயத்தில் “நீங்க பாத்துச் சொல்லுங்க” என்ற அப்பா, இந்தத் தடவை தானே முடிவெடுத்துவிட்டார். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று நாலு பேரைப் பிடித்து, நானூறுக்குக் கீழே எடுத்த பையனுக்கு ஃபர்ஸ்ட் குரூப் வாங்கிவிட்டார். அவனும் தலைமையாசிரியர் அறைக்குள் போகவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கேட்டருகே நின்றான்.

அப்பாவின் பக்கம் ஒரு நியாயம் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. “ஃபர்ஸ்ட் குரூப் எதுக்கும் ஆகும்ல” என்பார். உண்மைதான். கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவன் பின்னால் பி.ஏ. வரலாற்றில் சேரலாம், பி.காம். சேரலாம். தேர்ட் குரூப் படித்தவன் பி.இ.யில் சேர முடியாது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் வெள்ளைச் சட்டையோடு நிற்கும் அதிகாரியாக வேண்டும் என்றாலும் இந்த மூன்று பாடமும் வேண்டும். எத்தனை வாசல் திறக்கும் என்று எண்ணினால் ஃபர்ஸ்ட் குரூப்புக்கே அதிகம். ஆனால் அந்த வாசல்வரை நடக்க அந்தப் பிள்ளைக்குக் கால் இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. அதை அப்பா கேட்கவில்லை.

இரண்டு வருஷம். காலையில் ஐந்தரை மணிக்குக் கணக்கு டியூஷன், சாயங்காலம் இயற்பியல் டியூஷன். தொகை நுண்கணிதம் நடத்தும்போது கரும்பலகையில் நீண்டு நெளியும் அந்த எஸ் போன்ற குறியைப் பார்த்தாலே வயிற்றைப் பிசையும். மற்றவர்கள் மூன்றாவது வரிக்குப் போயிருப்பார்கள், அவன் முதல் வரியில் இருப்பான். புரியவில்லை என்று எழுந்து சொல்ல முதல் மாதத்தில் தைரியம் இல்லை. ஆறாவது மாதத்தில் எங்கே புரியவில்லை என்பதே தெரியவில்லை.

அந்த இரண்டு வருஷத்தில் அவன் மனம் விட்டுச் சந்தோஷப்பட்டது வேதியியல் லேபில்தான். பிளஸ் டூவில் உப்புப் பகுப்பாய்வு உண்டு. பெயர் தெரியாத உப்பு ஒன்றைக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். அதில் இருக்கும் கார மூலம் எது, அமில மூலம் எது என்று சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். உப்பளத்துப் பிள்ளைகளிடம் உப்பைக் கொடுத்து “என்ன உப்பு, சொல்லு” என்கிறார்கள்! சோதனைக் குழாயில் வெள்ளி நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டதும் தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு திரண்டு இறங்கியது. அம்மோனியா கரைசலை ஊற்றியதும் அது மறைந்தது. குளோரைடு. அப்பா தினமும் கணுக்காலில் அப்பிக்கொண்டு வருவது இதுதான் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று சாயங்காலம் அளத்துக்குப் போய் அப்பாவிடம் இதைச் சொன்னான். அப்பா சிரித்துவிட்டு, தெப்பத்துத் தண்ணீரை ஒரு உயரமான டின்னில் மொண்டு, டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழாயை அதற்குள் விட்டார். குழாய் நிமிர்ந்து மிதந்தது. “கடத்தண்ணி மூணு டிகிரி. இப்ப இது இருபத்தொண்ணு. இருபத்தஞ்சுக்கு வந்தா பாத்திக்குத் திருப்பலாம், உப்பு பூக்கும். முப்பதத் தாண்ட விட்டா கசப்பு எறங்கிரும், உப்பு கெட்டுரும்.” கசப்பு என்று அவர் சொன்னது மக்னீசிய உப்புகளை. எந்த உப்பு எந்த அடர்த்தியில் படியும் என்ற வேதியியலை, நான்காம் வகுப்போடு நின்ற மனிதர் டிகிரி டிகிரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பையனின் பாடப்புத்தகத்தில் உப்பளம் இல்லை. பக்கத்தில் அம்மோனியா தயாரிக்கும் ஆலை இருந்தது, அதே அம்மோனியாவை வைத்துக் கனநீர் பிரித்தெடுக்கும் ஆலையும் இருந்தது. வகுப்பில் அம்மோனியா பாடம் வந்தபோது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி “அதோ” என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த ஒரு “அதோ” கிடைத்திருந்தால் வேதியியலிலாவது அவன் உருப்பட்டிருப்பான் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

1995இல் முடிவு வந்தது. பாஸ். அவ்வளவுதான். தொழிற்படிப்புக்கு 1984 முதல் நுழைவுத்தேர்வு இருந்த காலம் அது. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு இருநூறு, நுழைவுத்தேர்வுக்கு நூறு என்று முந்நூறுக்குக் கணக்கிடுவார்கள். எழுதினான். எந்தக் கல்லூரியிலிருந்தும் அழைப்பு வரவில்லை. கடைசியில் தூத்துக்குடியிலேயே பி.ஏ. வரலாற்றில் சேர்ந்தான். முதல் நாள் பாண்டியர் வரலாற்று வகுப்பில் கொற்கை என்ற பெயர் வந்தபோது, இரண்டு வருஷமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவன் மூச்சு விட்டதுபோல் இருந்தது. “பாத்தியா, ஃபர்ஸ்ட் குரூப் படிச்சதால இதுக்கும் ஆச்சு” என்றார் அப்பா. அந்த இரண்டு வருஷம் அவனை என்ன செய்தது என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. அவனும் சொல்லவில்லை.

அக்கா பி.காம். முடித்ததும் துறைமுகத்தைச் சார்ந்த ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்தாள். தலைமையாசிரியர் சொன்னது அப்படியே பலித்தது. ஏற்றுமதிக்கு ஷிப்பிங் பில், இறக்குமதிக்கு பில் ஆஃப் என்ட்ரி. டைப் அடித்த தாளாக இருந்தவை பின்னால் கணினிக்குப் போயின. இரண்டையும் கற்றாள். சுங்கத் தீர்வை அட்டவணையில் உலகத்துச் சரக்கு முழுவதும் அத்தியாயம் அத்தியாயமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அது அவளுக்கு மனப்பாடம். ஒருமுறை வீட்டில் பேசிக்கொண்டிருக்கையில் சொன்னாள்: “அப்பாவோட உப்பு இருபத்தஞ்சாம் அத்தியாயம். ஸ்பிக்கோட யூரியா முப்பத்தொண்ணு. முத்து எழுபத்தொண்ணு.” கொஞ்சம் நிறுத்தி, “உயிரோட இருக்குற சிப்பி மூணுல வரும்” என்றாள்.

உயிருள்ள சிப்பி எந்த அத்தியாயத்தில் வரும் என்று அங்கே யாரும் கேட்டிருக்கவில்லை.

அவள் நன்றாக வாழ்கிறாள். அலுவலகத்தில் அவள் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. அவள் சம்பளத்தில்தான் வீடு காரை வீடானது, தம்பி எம்.ஏ. வரை படித்தான். தேர்ட் குரூப் படித்தும் முன்னேறினாள் என்று இந்தக் கதையை இங்கேயே முடித்து, மேடையில் சொல்லிக் கைத்தட்டு வாங்கலாம். அப்படி முடித்தால் பொய்யாகிவிடும். வணிகவியல் அவளுக்குச் சோறு போட்டது. அதற்காக, கேட்கப்படாமல் போன கேள்வி கேட்கப்பட்டதாகிவிடாது. அந்தக் கோடு போடாத நோட்டு இன்னமும் அவள் பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது.

இதற்கிடையே வெளியுலகம் பலமுறை மாறிவிட்டது. 2007இல் சட்டம் போட்டு நுழைவுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். 2017இல் மருத்துவப் படிப்புக்கு நீட் வந்தது. அந்த வருஷம் 1200க்கு 1176 எடுத்த அரியலூர் அனிதா செப்டம்பர் 1ஆம் தேதி இறந்துபோனார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டு வீடுகளில் உயிரியல் குரூப் எடுப்பது என்பதே வேறு அர்த்தம் பெற்றுவிட்டது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு, 1200க்குப் பதில் 600 மதிப்பெண் என்று மாற்றினார்கள். நான்கு முதன்மைப் பாடங்களில் ஒன்றைக் குறைத்து மூன்று மட்டும் படிக்கலாம் என்று 2019இல் ஓர் ஏற்பாடு அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பு வந்ததால் 2020இல் திரும்பப் பெறப்பட்டது. எதிர்த்தவர்கள் பயந்தது ஒன்றுக்குத்தான். பதினைந்து வயதில் ஒரு பாடத்தைக் கைவிட்டால் பதினேழு வயதில் ஒரு வாசல் மூடியிருக்கும்.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் உயர்தரத்துக்கு மூன்றே பாடம்தான். கணிதப் பிரிவா, உயிரியல் பிரிவா என்று பதினாறு வயதில் முடிவெடுத்தாக வேண்டும். நடுவில் மாறுவது லேசில்லை. யாழ்ப்பாணத்து வீடுகளிலும் மட்டக்களப்பு வீடுகளிலும் டாக்டரா இஞ்சினியரா என்ற அதே பேச்சு அதே குரலில்தான் நடக்கிறது. கலைக்கும் அறிவியலுக்கும் நடுவே இறுக்கமான பிரிவினை வேண்டாம் என்று 2020இன் தேசியக் கல்விக் கொள்கை எழுதிவைத்திருக்கிறது. எழுதிவைப்பது சுலபம். இயற்பியலும் வரலாறும் சேர்த்துப் படிக்க ஒரு பிள்ளை கேட்டால், அதற்கு வகுப்பறையும் ஆசிரியரும் வேண்டுமே.

அக்காவின் மகள் பத்தாம் வகுப்பில் இருந்த வருஷம்தான் 2023 டிசம்பர் வெள்ளம் வந்தது. 17, 18 தேதிகளில் கொட்டித் தீர்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். முத்தையாபுரம் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர். விற்பனைக்குக் குவித்து வைத்திருந்த உப்பு அம்பாரங்கள் கரைந்து வந்த வழியே போயின. அரையாண்டுத் தேர்வைத் தள்ளிவைத்தார்கள். பாடப்புத்தகங்கள் மொட்டைமாடியில் பக்கம் பக்கமாகக் காய்ந்தன. அந்தப் புத்தகங்களை வைத்துத்தான் அந்தப் பெண் படித்தாள். 2024 மே 10ஆம் தேதி முடிவு வந்தது. 473.

அன்று ராத்திரி அக்கா தம்பிக்குப் போன் செய்தாள். குரலில் அவன் இதுவரை கேட்டிராத ஒரு துள்ளல். “பயாலஜிதான். பேசி முடிச்சாச்சு. நீட் வராட்டாலும் பரவால்ல, ஃபிஷரீஸ் காலேஜ் இருக்கு. அங்க நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்குதான். எல்லாம் விசாரிச்சிட்டேன்.” முப்பத்துநான்கு வருஷத்துக்கு முன் யாரும் அவளுக்குச் சொல்லாத தகவல்களை அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். தம்பிக்குத் தொண்டை அடைத்தது.

மறுநாள் அவன் ஊருக்குப் போனான். சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா பீரோவிலிருந்து அந்த நோட்டை எடுத்து வந்து மகள் முன்னால் வைத்தாள். மகள் சிப்பிப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தாள் நைந்த இடத்தை விரலால் தொட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “அம்மா, படம் நல்லாருக்கு. ஆனா இது ஒன்னோட ஆசைல்லா.”

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

“ஒனக்கு என்ன வேணும்?” என்று அக்கா கேட்டாள். அந்தக் குடும்பத்தில் அந்தக் கேள்வியை ஒருவர் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“காமர்ஸ். அக்கவுண்டன்சி, எகனாமிக்ஸ், கூட பிசினஸ் மேக்ஸ். பிளஸ் டூ முடிச்சதும் சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதணும். நீ ஃபோன்ல ஒரு கன்டெய்னருக்காகச் சண்ட போடுவல்லா, எந்த நம்பர்ல தப்பு, எங்க டியூட்டி கூடிச்சுன்னு. சின்ன வயசுலேர்ந்து அதக் கேட்டுக் கேட்டு எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு.”

அக்கா அழுதாள். எதற்காக என்று தம்பி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். தன்மேல் திணிக்கப்பட்டதென்று அவள் முப்பது வருஷம் சுமந்த ஒன்றை, அவள் மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதைவிட அவளை உலுக்கியது இன்னொன்று என்று பிற்பாடு சொன்னாள். “நானும் அந்த சார் மாதிரிதானல எழுதப் பாத்தேன். பயாலஜின்னு நானே முடிவு பண்ணி, ஃபார்ம் கூட ரெடி பண்ணிட்டேன்.” அன்பாலும் ஒரு பிள்ளையை வெளியே நிறுத்த முடியும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்திருக்கிறது. அவளைவிட அன்பில் குறைந்தவரா அப்பா?

செய்தி தெருவுக்குப் போனதும் ஆள் ஆளுக்கு வந்தார்கள். “நானூத்தி எழுபத்துமூணு எடுத்த பிள்ளைய யாராவது காமர்ஸ்ல போடுவாங்களா?” பள்ளியிலும் முதலில் இதே கேள்விதான். மார்க் அதிகம் வாங்கினால் அறிவியல், குறைவாக வாங்கினால் மற்றது என்ற கணக்கு அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது. வணிகவியலுக்குக் கெட்டிக்காரப் பிள்ளைகள் வேண்டாமா? வருஷம் முழுவதும் நிலக்கரியும் மரமும் கன்டெய்னரும் வந்து இறங்கும் ஒரு துறைமுகத்து ஊரில், கணக்கும் வணிகமும் மார்க் இல்லாதவர்களுக்கு விட்டுவைத்த மிச்சமா? இந்தக் கேள்விகளை அக்கா தெருவில் நின்று சத்தமாகவே கேட்டாள். 1990இல் தூணில் சாய்ந்து நின்ற பெண்ணிடமிருந்து அப்படியொரு குரல் வரும் என்று தம்பி எதிர்பார்க்கவில்லை.

சேர்க்கை நாளன்று மூவரும் போனார்கள். அறையில் இரண்டு நாற்காலிகள்தான் இருந்தன. அக்கா ஒன்றில் மகளை உட்காரவைத்து, மற்றொன்றில் தானும் உட்கார்ந்துகொண்டாள். தம்பி வாசலில் நின்றான். உள்ளே அந்தப் பெண்ணே பேசினாள். அந்தப் பிரிவுக்கு வணிகக் கணித ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்டாள். இருக்கிறார் என்றார்கள். பாடப்பிரிவு என்ற இடத்தை அவளே பூர்த்தி செய்தாள். 2024 ஜூன் 10ஆம் தேதி பள்ளி திறந்தது.

இந்த வருஷமும் மே மாதம் வரும், மார்க் பட்டியலும் வரும். தலைமையாசிரியர் அறைக்குப் போகிற அப்பா அம்மாக்களிடம் முத்தையாபுரத்துக்காரன் ஒருவனின் வேண்டுகோள் இது ஒன்றுதான்: பிள்ளையையும் உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள். நாற்காலி இல்லையென்றால் உங்கள் நாற்காலியைக் கொடுங்கள்.